ரோமில் ஒரு வியாழக்கிழமை

ஆரணி
20.8.2024

கலைக்கு,

உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். கூப்பிட்டுப் பார்த்திருப்பாய். போனில் நீ பேசினால் நான் நம்பிவிடுவேன், முப்பது வருடப் பழக்கம் அப்படி. காகிதத்தில் இருந்தால் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கலாம். ஆகவே தபாலில் எழுது.

அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் வெள்ளிக்கிழமை முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மொகத்தையாவது பாத்தியாம்மா?" படவேட்டிலிருந்து வந்த தனகோடி சித்தி மட்டும், "ரோம்ல இன்னா பாத்தே?" என்று கேட்டாள். மாதா கோயில் என்றேன். "நல்லா இருந்துச்சா?" என்றாள். நல்லா இருந்துச்சு சித்தி என்றேன். வேறு என்ன சொல்வது?

விமான நிலையத்தில் நடந்ததை நீ பார்த்தாய். அண்ணன் மொட்டைத் தலையோடு நின்றுகொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டே போய், "என்னாண்ணா, என்னாண்ட சொல்லாம திருப்பதி போயிட்டு வந்துட்டியா?" என்று கேட்டேன். அவர் வாய் கோணியது. பிறகுதான் நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ பெட்டிகள் வைத்திருந்த வண்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு முன்பே உனக்குத் தெரியும் என்று அந்த நொடியில்தான் தெரிந்தது.

நான் கணக்கு வாத்தியார். தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஆகஸ்ட் ஒன்று, வியாழக்கிழமை, காலை ஒன்பதரைக்கு அம்மா போயிருக்கிறாள். துர்கா அண்ணி கஞ்சி ஆற்றிக்கொண்டு வருவதற்குள். மறுநாள் வெள்ளி பத்தரைக்கு எடுத்துவிட்டார்கள். நான் ஞாயிறு வந்து சேர்ந்தேன். இடையில் நான் செய்தவை: வியாழன், அந்தப் பெரிய தேவாலயத்தின் குவிமாடத்தில் ஏறினேன். வெள்ளி, அந்த இடிந்த வட்ட அரங்கத்தின் முன்னால் நின்று, "நம்ம ஆரணிக் கோட்டையே தேவலாம், அங்க டிக்கெட் கேக்கறதில்ல" என்று ஜோக் அடித்தேன். சனி, ஐஸ்கிரீம். "இன்னொண்ணு சாப்பிடு" என்று நீயே வாங்கிக் கொடுத்தாய். என் பையையும் நீயே தூக்கிக்கொண்டாய். நீ இப்படியெல்லாம் செய்கிற ஆளில்லையே என்று தோன்றியது. வெளியூர் வந்ததும் கலை மாறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

வெள்ளி காலை நான் வீட்டுக்குக் கூப்பிட்டபோது மேளச் சத்தம் கேட்டது. அண்ணி, "ஆடி வெள்ளி இல்ல, கோயில்ல கூழ் ஊத்தறாங்க. அத்தை தூங்கறாங்க" என்றாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாய்.

என் கேள்வி ஒன்றுதான். குவிமாடத்தின் மேலே நின்று நான் அம்மாவுக்காக ஒரு வீடியோ பேசினேன். போனைப் பிடித்தது நீ. அப்போது உனக்குத் தெரியுமா, தெரியாதா?

சுபா

*

சென்னை
26.8.2024

சுபா,

நேராகப் பதில் சொல்கிறேன். சிவா அண்ணன் என்னைக் கூப்பிட்டது வியாழன் மாலை, நாம் அறைக்குத் திரும்பிய பிறகு. நீ கால் வலி என்று படுத்திருந்தாய். நான் தாழ்வாரத்துக்குப் போய்ப் பேசினேன். அந்த வீடியோ எடுத்தபோது எனக்குத் தெரியாது.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஊர் வந்து சேரட்டும் என்றார். அந்த நேரத்துக்கு மேல் எந்த விமானம் பிடித்தாலும் வெள்ளி பத்தரைக்கு நீ ஆரணியில் இருந்திருக்க முடியாது. அதை நான் பார்த்தேன். சொல்லியிருந்தால், தெரியாத ஊரில் இரண்டு நாள் ஓர் ஓட்டல் அறையில் நீ அழுதிருப்பாய். சொல்லாததால் அழவில்லை. சரியா தவறா என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரியவில்லை.

நம் ஊர்களில் இது புதிதில்லை என்பதையும் நீ மறந்திருக்க மாட்டாய். தொண்ணூற்றாறில் வேலூர் விடுதிக்கு எனக்குத் தகவல் வந்தது. "அப்பாவுக்கு சீரியஸ், உடனே வரவும்." நீ துணைக்கு வந்தாய். ஆரணி, சேத்துப்பட்டு, வந்தவாசி என்று பஸ் மாறி மாறித் தெள்ளார் போகிற வரைக்கும், எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள், ரத்தம் கொடுக்க வேண்டியிருக்குமா என்று உன்னிடம் பேசிக்கொண்டே வந்தேன். ஊர் முனையில் இறங்கியபோது பந்தல் தெரிந்தது. பஸ்ஸில் உனக்குத் தெரியுமா என்று நான் கேட்டதே இல்லை. இன்றைக்கும் கேட்கவில்லை. ஆனால் நினைவிருக்கிறது.

உன் அம்மா, ரேணுகாம்பாள் அம்மா, கடைசியாக என்னிடம் பேசியது, நாம் கிளம்பிய அன்று. "பத்திரமா கூட்டிகினு போயி பத்திரமா கூட்டிகினு வா" என்றார்கள். அதற்கு மேல் எழுத வரவில்லை.

கலைமகள்

*

ஆரணி
7.9.2024

கலை,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஆமாம், தெரியும். வார்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா போயிட்டாரு, போற வழியில சொல்லாதே, பஸ்ல கத்துவா" என்றார். எனக்கு இருபது வயது. நீ ரத்த வகையைப் பற்றிப் பேசியபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ஆனால் நான் உன்னை உன் அப்பாவிடம் கூட்டிக்கொண்டு போனேன், கலை. நீ முகம் பார்த்தாய். காலைத் தொட்டாய். அந்தப் பொய்க்கு நான்கு மணி நேரந்தான் ஆயுள். அது உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

போகட்டும். வீடியோ எடுத்தபோது உனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. எனக்கு அது போதும். நீ பிடித்த போனைப் பார்த்து நான், "யம்மா, இங்க பாரு, நீ பெட்டியில வச்ச அரக்குப் பட்டு கட்டிகினு எவ்ளோ ஒசரத்துல நிக்கிறேன் பாரு, வெள்ளக்காரி எல்லாம் என்கூட போட்டோ எடுத்துக்கிறா" என்று பீற்றிக்கொள்வதைத் தெரிந்துகொண்டே நீ படம் பிடித்திருந்தால், உன்னை என்னால் மனுஷியாக நினைக்கவே முடியாமல் போயிருக்கும். நல்லவேளை.

உன்மேல் இருந்த கோபம் இப்போது போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. ஒன்பதரைக்கு உயிர் போயிருக்கிறது. உனக்கு மாலையில்தான் போன் வந்தது என்றால், இங்கே ராத்திரி. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அண்ணன் என்ன செய்துகொண்டிருந்தார்? உடனே சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன். அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"உடனேதான் பண்ணேன் சுபா" என்றார்.

"சாயங்காலந்தான் பண்ணேன்னு கலை எழுதியிருக்கா. அவ பொய் சொல்றாளா, நீ சொல்றியா?"

என்னைப் பார்த்தார். "எனக்கு அன்னிக்கு எதுவும் ஞாபகமில்லம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். போனை எடுத்துக் காட்டக்கூட இல்லை. குற்றம் உள்ளவர்தானே அப்படிப் போவார்?

புகுந்த வீடு சரிப்படாமல் திரும்பி வந்து இருபது வருடமாக அம்மாவோடு அதே மாடி அறையில் படுத்தவள் நான். மாத்திரை எடுத்துக் கொடுத்தது, குளிப்பாட்டியது எல்லாம் நான். ஒரே ஒரு தடவை, ஒரு வாரம், அவளே பிடித்துத் தள்ளியதால் உன்னோடு ரோமுக்குப் போனேன். அந்த ஒரு வாரத்தில்தான் அவள் போனாள். அது யார் குற்றமும் இல்லை, தெரியும். முகம் பார்க்க விடாதது ஒருவருடைய குற்றம்.

சுபா

*

சென்னை
18.9.2024

சுபா,

விடைத்தாள் திருத்தும் வேலை. உடனே எழுத முடியவில்லை.

சிவா அண்ணனிடம் கோபப்படாதே. அன்றைக்கு வீடு எப்படி இருந்திருக்கும் என்று நமக்குத் தெரியாது. நேரத்தை நானும் சரியாகக் குறித்து வைக்கவில்லை. மாலை என்று எழுதினேன், இருக்கலாம். வேறு நேரமாகவும் இருக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு நீ அவரோடு முறைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது. இதுவும் சரியாக வரவில்லை.

அண்ணன் மகள் நிலாவுக்கு நிச்சயமான இடத்தில் எப்போது தேதி வைக்கிறார்கள்? உன் கால் வலி எப்படி இருக்கிறது?

கலைமகள்

*

ஆரணி
3.10.2024

கலை,

மேலே பார்த்தாயா, ஊர் அதேதான். வீட்டு முகவரி மாறிவிட்டது. கொசப்பாளையத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். என் பள்ளிக்கூடத்துத் தமிழ்ச்செல்வி டீச்சர் வீட்டு மாடி. சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு குட்டியானை வண்டியில் எல்லாம் அடங்கிவிட்டது. அண்ணனே கீழே நின்று கட்டிலைப் பிடித்து ஏற்றினார். "எங்கடி போறே" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அண்ணிதான் கத்தினாள். "ஊரு இன்னா பேசும்? மாமியா செத்து ரெண்டு மாசத்துல நாத்தனாரத் தொரத்திட்டான்னு என் தலையிலதான் விடியும்!" நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

நிலாவுக்குக் கார்த்திகையில் கல்யாணம். அம்மா இருக்கும்போதே பேசி முடித்தது, தள்ளிப்போட வேண்டாம் என்று இரண்டு வீட்டிலும் முடிவு செய்துவிட்டார்கள். உனக்குத் தெரியுமா, முதல் நலங்கு என் கையால்தான் வைக்க வேண்டும் என்று அண்ணன் அம்மா முன்னாலேயே சொன்னவர். வாழாமல் வந்தவள் வைக்கலாமா என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் முணுமுணுத்தாராம். "என் தங்கச்சி வைக்கலைன்னா யாரும் வைக்க வேணாம்" என்று எழுந்துவிட்டாராம். நிலா சொன்னாள். நேற்று நிலா இந்த அறைக்கு வந்தாள். "அத்தே, அப்பாவ நீ எப்ப வேணா திட்டிக்கோ. எனக்கு நலங்கு வச்சிட்டுத் திட்டு" என்று அழுதாள். வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த மனிதர் பக்கத்தில் என்னால் நிற்க முடியாது. எங்கள் அம்மாவைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் என்னிடமிருந்து மறைத்து வைத்தவர் அவர்.

உன் எண்ணைத் தடுத்ததை எடுத்துவிட்டேன். எனக்கு இப்போது நீ ஒருத்திதான். நீயாவது என்னிடம் உண்மை சொன்னாய்.

சுபா

*

சென்னை
9.10.2024

சுபா,

நீ எண்ணைத் திறந்துவிட்டாய். ஆனால் இதைப் போனில் என்னால் சொல்ல முடியாது. படித்து முடிக்கும் வரை கிழிக்காதே.

அண்ணன் உடனேதான் கூப்பிட்டார். வியாழன் காலை, ரோம் நேரம் ஆறு ஐம்பது. நீ குளித்துக்கொண்டிருந்தாய். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதை மட்டும் நான் மறக்கவில்லை. "அம்மா போயிட்டாங்க கலை. சுபாவாண்ட நீதான் பக்குவமா சொல்லணும். இந்த வீட்டுப் பொண்ணா உன்கிட்ட ஒப்படைக்கிறேன். ஜல்தியா பிளேன் கெடைக்குமான்னு பாரு. கெடைச்சா நாளைக்குச் சாயங்காலம் வரிக்கும் வச்சிருக்கோம்."

பார்த்தேன். அன்று பிற்பகல் மூன்று பத்துக்கு ஒரு விமானம் இருந்தது. நடுவில் ஓரிடத்தில் மாறி, வெள்ளி காலை எட்டு மணிக்குச் சென்னை. இடம் இருந்தது. உன் பெயரை நிரப்பினேன். பாஸ்போர்ட் எண் கேட்டது. பாஸ்போர்ட் உன் கைப்பையில் இருந்தது. கைப்பையைத் திறக்கப் போனபோது நீ வெளியே வந்தாய், அந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு. "எப்படிடி இருக்கேன்?" என்றாய். நன்றாக இருக்கிறது என்றேன்.

காபி குடித்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு பஸ்ஸில். பஸ்ஸில் நீ ஒரு கன்னியாஸ்திரீயிடம் சைகையில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாய். இறங்கியதும் என்று நினைத்தேன். வரிசையில் நின்றபோது சொல்ல வாயைத் திறந்தேன், நீ தண்ணீர் கேட்டாய். அந்தப் படிக்கட்டு உனக்கு நினைவிருக்கும். சுவர் சாய்ந்து, ஒரு ஆள் மட்டும் நுழைகிற அகலம். பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், திரும்பி இறங்க வழியில்லை. நான் உனக்குப் பின்னால் ஏறினேன். உன் முந்தானையைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். மேலே போனதும் நீ போனைக் கொடுத்து, "அம்மாவுக்கு எடு" என்றாய். எடுத்தேன். எனக்குத் தெரியும், சுபா. தெரிந்துகொண்டுதான் எடுத்தேன். கை நடுங்கக்கூட இல்லை, அந்த வீடியோவைப் பார்த்தால் உனக்கே தெரியும்.

நாம் கீழே இறங்கியபோது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. அப்போதும் சொல்லியிருந்தால் ஓடிப் பிடித்திருக்கலாம். அண்ணன் மறுபடி கூப்பிட்டார். "சொல்லிட்டியா?" என்றார். "இன்னும் இல்லண்ணா. பிளேன்ல எடமே இல்ல. சொன்னா இங்க தனியா தவிப்பா. ஊர் வந்தப்புறம் சொல்லிக்கலாம்" என்றேன். பிறகு, "சரிம்மா. பக்கத்துல இருக்கறவ நீ, உனக்குத்தான் தெரியும்" என்றார். சொல்ல வேண்டாம் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

ஏன் என்று கேட்பாய். இரண்டு மாதமாக நானும் கேட்கிறேன். மாணவர்களிடம் ஆதாரம் எங்கே, காரணம் எங்கே என்று கேட்டே காலம் தள்ளியவள் நான். என்னிடம் காரணம் இல்லை. ஒவ்வொரு பத்து நிமிடமும் அடுத்த பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன், அவ்வளவுதான். ஒன்று மட்டும் எழுதுகிறேன், சாக்காக எடுத்துக்கொள்ளாதே. முப்பது வருடமாக உங்கள் வீட்டுக்கு வந்து போகிறேன். அந்த வீட்டில் என்னை நம்பி எதையும் கொடுத்ததில்லை, ஒரு டம்ளரைத் தவிர. அதுவும் தனி டம்ளர். முதல் முறையாக "இந்த வீட்டுப் பொண்ணு" என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். அது உன் அம்மாவின் சாவு. அதை எப்படிக் கையில் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம்.

உன் அண்ணன் என் பொய்யைத் தெரிந்துகொண்டுதான் எழுந்து போயிருக்கிறார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீ அவரிடம் போ. இந்தக் கடிதத்தைக் காட்டு. நிலாவுக்கு நலங்கு வை. என்னை என்ன வேண்டுமானாலும் செய்.

கலைமகள்

*

ஆரணி
26.10.2024

கலைமகளுக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அன்றைக்கே அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அண்ணனிடம் படித்துக் காட்டத்தான் போனேன்.

கூடத்தில் அண்ணன், அண்ணி, தனகோடி சித்தி மூவரும் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்கள் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அண்ணன் நகர்ந்து பாயில் இடம் விட்டார். சித்திக்கு அம்மாவின் நினைவு வந்துவிட்டது. "அன்னிக்கு படவேட்டுல பஸ்ஸே இல்லடா சிவா. சாயங்காலம் வரிக்கும் வச்சிருந்தா நான் எங்க அக்கா மொகத்தப் பாத்திருப்பேன். அப்படி இன்னா அவசரம் உனக்கு?" என்று அழுதாள். இதை அவள் பத்தாவது தடவையாகக் கேட்கிறாள் போலிருக்கிறது. அண்ணி சலித்துக்கொண்டாள்.

அண்ணன் சித்தியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "யாருக்காக வைக்கிறது சித்தி? சுபாவுக்குப் பிளேன் கெடைக்கல. கெடைச்சிருந்தா ரெண்டு நாள் ஆனாலும் வச்சிருப்பேனே. இவ வராத வீட்டுல அம்மாவ அந்த ஐஸ் பெட்டிக்குள்ள பாத்துகினே இருக்க என்னால ஆகலை."

கடிதம் என் மடியில் இருந்தது. இடம் இருந்தது என்று நான் எப்படிச் சொல்வேன்? எனக்காக வைத்திருந்திருக்கலாம், பத்தரைக்கு எடுத்தது வீண் அவசரம் என்று தெரிந்த பிறகு, கொள்ளி வைத்த அந்தக் கையோடு அவர் என்ன செய்வார்? அவருக்கு இருக்கிற ஒரே ஆறுதல், விமானத்தில் இடமில்லை என்பது. எனக்கு முன்பு, வீடியோ எடுத்தபோது உனக்குத் தெரியாது என்பது இருந்த மாதிரி.

நான் சொல்லவில்லை. "நான்தான் நேரத்தைத் தப்பாப் புரிஞ்சிகிட்டேண்ணா. என்னை மன்னிச்சிடு" என்றேன். "விட்றி" என்றார். பிறகு மெதுவாக, "கலை மேலயும் கோச்சிக்காதே. பாவம், அந்நிய ஊர்ல தனியா வச்சிகினு அது இன்னா பண்ணும்?" என்றார். நான் தலையாட்டினேன். உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். தமிழ்ச்செல்வி டீச்சர் அறையைக் காலி செய்துவிட்டு மறுபடி அம்மா அறைக்கே வந்துவிட்டேன். இப்போது தினமும் மூன்று வேளையும் அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஒவ்வொரு வேளையும், அடுத்த வேளை சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வருகிறது. சொல்வதில்லை. சொல்லப் போவதும் இல்லை. நீ எப்படி மூன்று நாள் என்னோடு நடந்தாய் என்று இப்போது எனக்குக் கொஞ்சம் தெரிகிறது. தெரிந்ததால் உன்மேல் இருப்பது குறையவில்லை.

டம்ளர் நிஜம். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். இதற்கு மேல் அதைப் பற்றி இன்றைக்கு எழுத முடியாது.

அழைக்க வேண்டியவர்கள் பட்டியலில் வெளியூர் என்று போட்டு அண்ணன் முதலில் எழுதியிருப்பது உன் பெயர். பத்திரிகை வரும். நீ வர வேண்டும், கலை. என்னோடு பேச வேண்டாம், என்னால் முடியாது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அண்ணன் கேட்பதற்கெல்லாம் சிரித்துப் பதில் சொல்லிவிட்டுப் போ. நீ வராவிட்டால், "கலை ஏன் வரலை?" என்று அவர் என்னைத்தான் கேட்பார்.

சுபலட்சுமி